ஏட்டில் ஏறிய பெயரும் ஏறாத பெயரும்



சர்க்கார் ஏடு என்றாலே நம்மவர்க்கு ஒரு நடுக்கம் உண்டு. ஏட்டில் பெயர் ஏறினால் வரி கேட்பார்கள், வம்புக்கு இழுப்பார்கள் என்று நம் பாட்டன்மார் நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1948-ல் அவசரகாலம் பிரகடனமாகி, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாவரும் அடையாளக் கார்டு எடுக்க வேண்டுமென்ற உத்தரவு தோட்டத்துக்கு வந்தபோது, அது ஜனங்களுக்கு நன்மை செய்ய வந்த உத்தரவல்ல. ஆளை அடையாளம் கண்டு அடக்க வந்த உத்தரவு. ஏடு என்பது துரைமார் நம்மைப் பிடிக்க வைத்திருந்த வலை என்று நம்மவர் எண்ணியதில் வியப்பென்ன?

ஆனால் அந்த வலையே இன்று, காணாமற்போன நம் உறவுகளைத் தேடிப் பிடிக்கவும் உதவுகிறது. இதை நாம் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. கண்ணால் கண்டு சொல்லுகிறோம்.

நம் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டி ஓய்ந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். பெயரை அச்சிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறோம். 1950-ல் இதே நாட்டில், இதைப் போன்ற ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். கையிலிருப்பதோ இன்றைக்கும் சிவப்புக் கார்டு! வோட்டு இல்லை; பாஸ்போர்ட் இல்லை. பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் யாவரும் நீலக் கார்டு வைத்திருக்க, பெற்று வளர்த்தவர் மட்டும் இந்த நாட்டுக்கு அந்நியர். 1957 ஆகஸ்டு 31-க்கு முன் இங்கே பிறந்து, அதுவரை பிரஜையாகாதிருந்தவர்கள் மனுச் செய்து பதிந்துகொள்ள வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 16-ஆம் ஷரத்து. இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்பார்கள். அத்தாட்சி இல்லை.

அத்தாட்சி எங்கே போயிற்று? 1969-க்குப் பின் பிரஜையல்லாதவர்க்கு வேலைப் பெர்மிட் வேண்டுமென்று வந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் மூட்டை கட்டின. இந்த அம்மாளின் தாய் தந்தையரும் அண்ணனும் 1970-ல் கப்பலேறினார்கள். இருபது வயதில் கலியாணமாகியிருந்த இவர் புருஷன் வீட்டில் தங்கிவிட்டார். வீட்டுக் காகிதங்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பெட்டியும் கப்பலேறிவிட்டது. சில வருஷம் கடிதம் வந்தது. தாய் இறந்த கடிதம்தான் கடைசி.

பதிவு ஆபீசில் பிறப்பு ஏட்டைத் தேடித் தரச் சொல்லி முன்பே இரண்டு முறை மனுக் கொடுத்திருக்கிறார். அவர் சொன்ன பெயரில் அப்படி ஒரு பிறப்பு இல்லை என்றே பதில். "நான் பொறக்கவே இல்லையாம் தம்பி" என்று அவர் நம்மிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே பெட்டியைத் தேடுவது என்று முடிவு செய்தோம். பெட்டியைத் தேடுவதென்றால் அண்ணனைத் தேட வேண்டும். அவருக்கு நினைவிலிருந்தது, "திருச்சி ஜில்லா, குளித்தலை தாலுகா" என்பதும் ஊர்ப் பெயரும் மட்டுமே. நாம் திருச்சி மாவட்டத்துப் பட்டியலில் ஒரு ராத்திரி முழுதும் தேடி ஏமாந்தோம். பிறகுதான் தெரிந்தது: 1995-ல் திருச்சியைப் பிரித்துக் கரூர் மாவட்டம் உண்டாக்கியபோது குளித்தலை கரூரோடு போய்விட்டது! இப்படியே நாமக்கல்லும் 1997 முதல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம். முசிறி, குளித்தலை, நாமக்கல், ஆத்தூர் என்று நம் முன்னோரைக் கங்காணிமார் திரட்டி வந்த தாலுகாக்கள் பலவற்றுக்கும் இன்று மேல்விலாசம் மாறிவிட்டது. பாட்டன் சொன்ன ஜில்லாவை நம்பித் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாம் தேடிய ஏடு என்ன? தமிழ்நாட்டின் வாக்காளர் பட்டியல். தேர்தல் இலாகா அதைத் தமிழிலேயே வெளியிட்டிருக்கிறது, யாரும் பார்க்கலாம். தொகுதி, பாகம், தெரு, வீட்டு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் உண்டு. தமிழ் எழுத்தில் இருப்பது எத்தனை வசதி என்பது, நாம் இங்கே பெயர்கள் படும் பாட்டைச் சொல்லும்போது விளங்கும். அண்ணன் பெயரில் அந்த ஊரில் மூவர் இருந்தனர். மூவரும் வயது குறைந்தவர்கள். மனம் சோர்ந்துவிட்டது. அப்போது அந்த அம்மாளே சொன்னார்: "அண்ணன் செத்திருந்தா லிஸ்டுல எப்படித் தம்பி இருக்கும்? மகன் இருப்பானே."

என்ன அறிவு பாருங்கள்! பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர். தந்தை பெயர் என்ற இடத்தை மட்டும் வரிசையாகப் படித்து வந்தோம். நான்கு வீடுகள் கிடைத்தன. நான்கு வீட்டு எண்ணுக்கும் நான்கு கடிதம் போட்டோம். இருபத்து மூன்றாம் நாள் ஒரு போன் வந்தது. அண்ணன் மகன். அண்ணன் காலமாகிவிட்டார். பெட்டி இருக்கிறது.

பெட்டியிலிருந்த காகிதத்தின் படம் கைப்பேசியில் வந்தது. தோட்டத்துக்கு அருகிலிருந்த போலீஸ் ஸ்டேஷனில் 1950-ல் பதிந்த பிறப்புப் பத்திரம். பதிவு எண் தெளிவாக இருந்தது. தந்தை பெயர் சரி. தோட்டம் சரி. பிள்ளையின் பெயர்தான் வேறு! நடுவில் ஓர் எழுத்து விழுந்து, கடைசி எழுத்து மாறி, உலகத்தில் யாரும் வைக்காத ஒரு பெயராக நின்றது. இவர் தம் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னார். ஏட்டிலோ வேறொரு பெயர். இத்தனை வருஷமும் அவருடைய பிறப்பு அந்த ஏட்டிலேயே இருந்திருக்கிறது, தோழர்களே! அவரால் அதைத் தொட முடியவில்லை, அவ்வளவுதான்.

இனி நம் சொந்த ஜாதியாகிய கிராணிமாரைப் பற்றிச் சில வார்த்தை. சற்றுக் கசக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெயரைக் கெடுத்தது யார்? தாய் கங்காணியிடம் சொன்னாள். கங்காணி ஆபீசில் சொன்னார். ஆபீசிலிருந்த கிராணியார் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கினார். ஸ்டேஷனிலிருந்த, தமிழறியாத ஒருவர் அந்தக் கிறுக்கலைப் பார்த்து ஏட்டில் ஏற்றினார். இப்படித்தான் நடந்திருக்கும். பழனி 'பலானி' ஆனான். முனியம்மாள் 'மோனிமா' ஆனாள். ஒரே தகப்பனுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதமாகத் தகப்பன் பெயர். ஒரே பெயரில் ஆறு பேர் இருந்தால் 'குட்டை', 'நெட்டை' என்று பட்டம் சேர்த்தெழுதி, அந்தப் பட்டமே சர்க்கார் பெயராகிப்போன கதையும் உண்டு. தோட்டத்தின் பெயரும் இப்படித்தான். நம்மவர் முதல் துரையின் பெயராலோ மைல் கல்லாலோ ஒரு தோட்டத்தை அழைப்பார்கள். ஏட்டில் இருப்பதோ கம்பெனி வைத்த பெயர்.

அந்தக் காலத்துக் கிராணிமாரை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. நாமே வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் ஒரு தோழரின் பெயரைச் செக்ரோலில் ஒரு விதமாகவும் சேமநிதிப் பாரத்தில் ஒரு விதமாகவும் எழுதினோம். அவர் பணம் எடுக்கப் போனபோது சத்தியப் பிரமாணம் செய்து, அலைந்து, ஆறு மாதம் காத்திருந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் இத்தனை நாள் அது நம் மனத்தை உறுத்தியிராது.

பெயர் எழுதுவது இத்தனை பெரிய காரியமா என்று கேட்பவர்கள் காஞ்சனாபுரி போய்ப் பார்க்கட்டும். 1942, 1943-ல் ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். வெள்ளைக்காரக் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் என்பது சரித்திர ஆசிரியர்கள் கணக்கு. அந்த ஆசியத் தொழிலாளரில் எத்தனையோ ஆயிரம் பேர் நம் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள். இறந்த கைதிகளில் ஏறக்குறைய ஏழாயிரம் பேரின் கல்லறைகள் அங்கே வரிசை வரிசையாக இருக்கின்றன. யுத்தக் கல்லறைக் கமிஷனின் பதிவில் ஒரு பெயரைக் கொடுத்தால், அவன் எந்தப் படை, எந்த நாளில் இறந்தான், எந்த வரிசையில் கிடக்கிறான் என்று சொல்லிவிடுவார்கள். பட்டாளத்தான் பெயரை அவனுடைய சர்க்கார் எழுதி வைத்திருந்தது. கைதிகளும் முகாமில் ஒளித்து ஒளித்துக் குறித்து வைத்தார்கள். நம்மவனுக்கு? அப்படித் தேடிப் பார்க்க ஒரு பெயர்ப் பட்டியல் கிடையாது. பெரட்டுக் களத்திலிருந்து லோரியில் ஏற்றிப் போனவனின் பெயர் கடைசியாக எங்கே எழுதப்பட்டிருந்தது? அந்தந்தத் தோட்டத்துச் செக்ரோலில்!

அந்தச் செக்ரோல்கள் இன்று எங்கே?

இங்கேதான் சங்கமும் சர்க்காரும் கவனிக்க வேண்டிய காரியம் இருக்கிறது. 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டப்படி தொழிலாளர் பதிவேட்டை முதலாளி ஆறு வருஷம் வைத்திருந்தால் போதும். ஆறு வருஷம் கழிந்தால் அடுப்பெரிக்கலாம்! கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது; 1957-ல் தொடங்கியது; பழைய சிலாங்கூர் செக்ரடேரியட் கோப்புகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அது முதன்மையாகச் சர்க்கார் காகிதத்தைக் காக்கும் இடம். கம்பெனியின் செக்ரோல் தானாக அங்கே போய்ச் சேராது. தோட்டங்கள் கைமாறுகின்றன, கித்தா மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைக்கிறார்கள், செம்பனையையும் சாய்த்து வீடு கட்டுகிறார்கள். நாம் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், விற்பனை முடிந்த வாரம் ஸ்டோருக்குப் பின்னால் இரண்டு நாள் புகைந்தது. எரிந்தவை ஏடுகள். நாமும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். அது என்னவென்று அன்று நமக்கு உறைக்கவில்லை.

தோட்டம் விற்கப்படும்போது மரத்துக்குக் கணக்கு, இயந்திரத்துக்குக் கணக்கு, லயத்துக்குக் கூடக் கணக்கு எடுக்கிறார்கள். பழைய செக்ரோலும், தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிறப்பு இறப்புக் குறிப்பும் காப்பகத்துக்கோ, அது முடியாவிட்டால் சங்கத்துக்கோ ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதை அடுத்த ஒப்பந்தப் பேச்சில் ஒரு கோரிக்கையாக வைத்தால் என்ன? இதற்கு முதலாளிக்கு ஒரு காசு செலவில்லை. நட்ட ஈடும் போனஸும் கேட்கும் இடத்தில் பழைய காகிதமா என்று சில தோழர்கள் நகைக்கக்கூடும். இந்த அம்மாளைப் பார்த்துவிட்டு நகைக்கட்டும்.

எல்லா ஏட்டையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. வட்டிக்குக் கொடுக்கும் ஆலோங்கும் ஆளைத் தேடுகிறவன்தான். அடையாளக் கார்டு எண்ணைக் கண்டவனிடம் கொடுத்துவிட்டுப் பிறகு கண்ணீர் விடும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

தேடுகிறவர்களுக்கு நம் அனுபவத்தில் சிலவற்றைச் சொல்லலாம். பெயரை ஒரே விதமாகக் கேட்காதீர்கள். வாயில் வரக்கூடிய எல்லாப் பிழையோடும் எழுதிக் கொடுங்கள். தகப்பன் பெயர், தோட்டத்தின் கம்பெனிப் பெயர், பக்கத்து போலீஸ் ஸ்டேஷன், முன்னும் பின்னும் இரண்டு வருஷம் என்று கேளுங்கள். நிலம் பற்றியதானால் நில ஆபீசில் கட்டணம் கட்டிப் பட்டா யார் பெயரில் என்று பார்க்கலாம். 1965-ஆம் வருஷத்துச் சட்டப்படி, உரியவர் வாங்காத பணம், பாக்கிச் சம்பளம் உட்பட, அக்கவுண்டண்ட் ஜெனரல் இலாகாவிடம் சேருகிறது. உரியவரோ வாரிசோ கேட்டால் திரும்பக் கிடைக்கும். அங்கே சர்க்காரிடம் பெயர் இருக்கிறது; ஆள்தான் இல்லை! எத்தனை தோட்டத்துப் பெயர் அந்தப் பட்டியலில் முடங்கிக் கிடக்கிறதோ.

அந்த அம்மாளின் மனு, பத்திரத்தின் நகலோடும், இரண்டு பெயரும் ஒருவரே என்ற சத்தியப் பிரமாணத்தோடும் போயிருக்கிறது. அன்றைக்கு ஆபீஸ் வாசலில் அவர் நம்மைக் கேட்டார்: "கார்டு கெடச்சா எந்தப் பேரைப் போடுவாங்க தம்பி? எங்க அம்மா வச்ச பேரா, கிராணி வச்ச பேரா?" நமக்குப் பதில் தெரியவில்லை.

நம் தோட்டத்து ஸ்டோரில் பழைய செக்ரோல் ஒரு பெட்டி இருக்கிறது. கறையான் பாதி தின்றது போக, 1958 முதல் 1971 வரை படிக்க முடிகிறது. அதைப் பிரதி எடுத்துச் சங்கக் கிளையில் வைக்க அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் இதே பக்கத்தில் தெரிவிப்போம். மற்றத் தோட்டத்துக் கிராணிமார் தங்கள் ஸ்டோரையும் ஒரு முறை திறந்து பார்த்து, என்ன இருக்கிறதென்று கிளைச் செயலாளருக்கு ஒரு வரி எழுத வேண்டுகிறோம்.