பேய்க்குப் பிணை நிற்கலாமா?

நெய்வேலியில் வாழும் நமக்கு உண்மை எப்படிக் கிடைக்கும் என்று எவரும் பாடம் புகட்டத் தேவையில்லை. மலை மலையாக மேல்மண்ணை வாரி அகற்றுகிறோம். சுரங்கத்துக்கடியில் முட்டி நிற்கும் நீரை அல்லும் பகலும் இறைக்கிறோம். அதன் பிறகே பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிகிறது. வேண்டுதலால் வந்ததா அது? இல்லை, தோண்டியதால் வந்தது!

துப்பறியும் கதையும் ஒரு தோண்டல்தான். பொய்யை வாரியெறி, அச்சத்தை இறைத்து ஊற்று, அடியிலே மெய் கிடக்கும் என்பதே அதன் இலக்கணம். இதைச் சொன்னால் தோழர்கள் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். "கொலையும் கொள்ளையும் குவிந்த குப்பையன்றோ!" என்கின்றனர். நாம் மறுக்கிறோம்.

எழுத்தாளர் சுஜாதாவை எடுத்துக்கொள்வோம். 1935இல் பிறந்து 2008இல் மறைந்தவர். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராயிருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பெரும்பங்கு கொண்டவர். வார இதழ்களில் அவர் உலவவிட்ட வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும் தமிழ் இளைஞர்க்கு ஒரு கேள்வியைக் கற்றுத் தந்தனர்: சான்று எங்கே? 'கரையெல்லாம் செண்பகப்பூ' கதையில் பாழடைந்த ஜமீன் மாளிகையின் இரவு ஓசைகள் கேட்போரை நடுங்க வைக்கின்றன. துருவிப் பார்த்தால், பேயின் வேலையன்று; புதையலுக்கு ஏங்கும் மனிதரின் வேலை! நூறு மேடைப்பேச்சு செய்யாததை ஒரு தொடர்கதை செய்ததே!

அந்தக் கேள்வியைத் திரையுலகம் என்ன செய்தது? 1977இல் 'காயத்ரி' வந்தது. மணந்த பெண்ணின் அந்தரங்கத்தையே மறைவாகப் படம்பிடித்துக் காசாக்கும் கயவனின் கதை. பெண்ணடிமையின் கோரத்தைத் தோலுரித்திருக்கலாம். அரங்கிலோ வில்லனின் மிடுக்குக்கே கைதட்டல்! 1978இல் 'ப்ரியா'. நடிகையின் உழைப்பை உறிஞ்சும் ஒருவனிடமிருந்து அவளைக் காக்கும் வழக்கு. நாவலில் இலண்டன் சென்ற கணேஷ், திரையில் சிங்கப்பூர் சென்றான். சிந்தித்தவன் ஆடினான், வாதிட்டவன் அடித்தான். 1986இல் 'விக்ரம்'. ஏவுகணையும் கணிப்பொறியுமாகத் தொடங்கிய கதை, சலாமியா என்னும் கற்பனை நாட்டு அரண்மனையில் போய் அடைந்தது. அறிவியல் புறப்பட்டது, அம்புலிமாமா வந்து சேர்ந்தது! மூளைக்குரிய இடத்தை முஷ்டி பறித்துக்கொண்டது. 'கொலையுதிர் காலம்' என்று 2019இல் வந்த படமோ, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு கதையைக் கைவிட்டது.

அந்த நாவலின்மீதே நமக்கொரு வழக்குண்டு.

நம் மாணவன் ஒருவன் மாலை வகுப்புக்கு வருவதை நிறுத்தினான். வழியிலுள்ள முந்திரித்தோப்பில் வெள்ளுருவம் உலவுகிறதாம். "யார் பார்த்தது?" என்றோம். "மாமா பையன், சார்." "அவனிடம் கணேஷ் குறுக்கு விசாரணை செய்வதுபோலக் கேட்டு எழுதி வா" என்றோம். ஒரு வாரங்கழித்து நாலு பக்கம் எழுதி வந்தான். மாமா பையன் பார்க்கவில்லை. அவனுக்குச் சொன்னவனும் பார்க்கவில்லை. பார்த்தவன் எவனுமே இல்லை! அன்றுமுதல் அதே வழியில் நடந்து வருகிறான்.

அவனே 'கொலையுதிர் கால'த்தைப் படித்துவிட்டு வந்து கேட்டான்: "முடிவில் பேய் உண்டா, இல்லையா, சார்?" ஒளியால் உருவம் காட்டும் ஹோலோகிராம் என்கிறது அறிவியல், ஆவியென்கிறது அச்சம். இரண்டையும் எதிரெதிரே நிறுத்திய ஆசிரியர் தீர்ப்பை எழுதாமலே எழுந்துவிட்டார். கலைநயம் என்கின்றனர் சுவைஞர். நாம் கேட்கிறோம்: வாக்குப்பதிவு இயந்திரம் செய்தவர், "இது வாக்காகவும் இருக்கலாம், வாசகர் விருப்பம்போல் வேறெதுவாகவும் இருக்கலாம்" என்று அதனை விட்டுவிடுவாரா? பொறியில் பொறுக்காத ஐயத்தைப் பாமரன் நெஞ்சில் விதைக்கலாமா? இருநூறு பக்கம் பேயை விரட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் அதற்குப் பிணை கொடுக்கலாமா?

மாணவனிடம் சொன்னோம்: "ஆசிரியர் எழுதாத தீர்ப்பை நீ எழுது. சான்றுகளை எண்ணு, எந்தப் பக்கம் கனக்கிறதென்று பார்." எழுதிக்கொண்டிருக்கிறான்.

தோழர்களே! மர்மக் கதையைத் தூக்கியெறியாதீர், படியுங்கள். திரையில் பார்த்ததோடு நின்றுவிடாமல் நூலைத் தேடுங்கள். நூலாசிரியனே தயங்கும் இடத்தில் நீங்கள் தயங்காதீர். மேல்மண்ணோடு நின்றவனுக்கு நிலக்கரி கிடைத்ததில்லை!