ஏறிப்போனவர்கள் இறக்கித் தந்தது என்ன?

பெரியகுளம் நகர்மன்றத் தலைவராக 1996-இல் பொறுப்பேற்ற ஓ.பன்னீர்செல்வம், 2001-இல் அதே ஊரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். போன சில மாதங்களிலேயே, செப்டம்பர் 21 அன்று, முதல்வரானார். நகராட்சி அலுவலகத்துக்கும் கோட்டைக்கும் தூரம் இவ்வளவுதானா என்று தேனி மாவட்டமே வியந்தது. தொகுதி மறுசீரமைப்பில் பெரியகுளம் தனித் தொகுதியான பிறகு 2011, 2016, 2021 என மூன்று தேர்தல்களில் அவரை அனுப்பிவைத்தது போடிநாயக்கனூர். அந்த ஓட்டுகளில் நம் சிலமலை ஊராட்சியின் ஓட்டும் உண்டு.

ஆகவே மேயரோ சேர்மனோ சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாமா என்ற கேள்வி இந்த மலையடிவாரத்துக்குப் புதிதல்ல. நிற்கட்டும் என்பதே நம் பதில். குடிநீர் ஏன் வரவில்லை என்று வீட்டு வாசலில் வந்து கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவர், மேடையில் பேசி மட்டுமே பழகியவரைவிடச் சட்டமன்றத்துக்குத் தகுதியானவர். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், பெரியார் ஈரோட்டில். 2021-இல் சைதாப்பேட்டையில் மோதிய மா.சுப்பிரமணியன், சைதை துரைசாமி இருவருமே சென்னையின் முன்னாள் மேயர்கள். இப்படிப்பட்ட போட்டி வாக்காளருக்கு நல்லது. இருவரும் செய்ததையும் செய்யாததையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா?

நம் வழக்கு வேறு. மேலே போனவர்கள், தாங்கள் விட்டுவந்த நாற்காலிக்கு என்ன செய்தார்கள்?

கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் அறிவிப்பு முறையாக இல்லை என்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது உண்மைதான். ஆனால் புது அறிவிப்பு வெளியிட்டுத் தேர்தல் நடத்த எத்தனை நாள் வேண்டும்? ஊராட்சித் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் தேர்தல் வர 2022 பிப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் சில மாதங்கள் முதல்வராகவும், பிறகு துணை முதல்வராகவும் நிதியமைச்சராகவும் இருந்தவர் ஒரு முன்னாள் நகர்மன்றத் தலைவர். அவர் ஒருகாலத்தில் அமர்ந்த பெரியகுளம் நாற்காலியிலும் அப்போது தனி அலுவலர்தான் அதிகாரம் செய்தார்.

எதிர்த்தரப்புக்கும் இதில் பெருமைப்பட எதுவுமில்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த சென்னையின் முதல் மேயர், 1996-இல் வென்ற மு.க.ஸ்டாலின். 2006-இல் அவர் உள்ளாட்சித் துறை அமைச்சரானார். அதே ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில், மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய், கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2011-இல் திரும்பிவந்த நேரடித் தேர்தலை அ.தி.மு.க. அரசு மறுபடி எடுத்துவிட்டது. 2021-இல் ஸ்டாலின் முதல்வரான பின்னும் அது திரும்பவில்லை. தேனி உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். சிலமலை ஊராட்சிக்கும் அதே கதி. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-E பிரிவு சொல்கிறது. ஊராட்சியின் ஆயுசே ஐந்தாண்டு என்று எழுதிவைத்திருப்பதை இரு கட்சிகளும் வேறு மாதிரி வாசிக்கின்றன போலும்.

சேர்மன்களுக்கு ஏன் எம்.எல்.ஏ. ஆசை வருகிறது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. சட்டமன்ற உறுப்பினரின் மாதச் சம்பளமும் படிகளும் சேர்ந்து 2017-இல் 1,05,000 ரூபாய் ஆக்கப்பட்டது. ஊராட்சி மன்றத் தலைவரின் மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாயாக இருந்து 2022-இல்தான் 2,000 ஆனது. எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. பஸ் நிழற்குடையில் பெயரும் எழுதிக்கொள்ளலாம். ஊராட்சித் தலைவரோ துணைத் தலைவரின் கையெழுத்தும் இல்லாமல் ஒரு செக்கை மாற்ற முடியாது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி அவரைப் பதவியிலிருந்து நீக்கும் நடவடிக்கையைக் கலெக்டரே எடுக்கலாம். ஒரு கலெக்டர் எம்.எல்.ஏ.வை நீக்குவதைக் கற்பனை செய்துபாருங்கள்.

பணத்தைவிடப் பெரிய காரணம் அதிகாரம். விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் இந்த ஊர்களில் ஏராளம். அந்த ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பது போக்குவரத்துத் துறையின் பாடு. தோட்டத்தில் அவர்களுக்கு என்ன கூலி என்பது கேரளத்தின் பாடு. பதினெட்டாம் கால்வாயில் தண்ணீரை எப்போது திறப்பது என்பது நீர்வளத் துறையின் பாடு. மேற்கே மலைக்கிராமத்துக்கு ஒரு பாதை போட வேண்டுமானால் வனத்துறை மனம்வைக்க வேண்டும். ஊர்த் தலைவரிடம் மிஞ்சுவது தெருவிளக்கும் குப்பை வண்டியும். ஊருக்கு உழைக்க நினைக்கும் ஒருவர் எம்.எல்.ஏ. ஆனால்தான் எதையாவது சாதிக்க முடியும் என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. குறை, மேலே போய் உட்கார்ந்த பின் அதிகாரத்தையும் அங்கேயே பூட்டிவைத்துக்கொள்வதில்தான் இருக்கிறது. ஏறியவர்களே ஏணியை எட்டி உதைக்கிறார்கள்.

பதவியில் இருந்துகொண்டே போட்டியிடுவது குறித்தும் நம் நிலை தெளிவானது. சட்டமன்றத்துக்கு நிற்க விரும்பும் மேயர், சேர்மன், ஊராட்சித் தலைவர் யாராயினும் வேட்புமனு தாக்கல் செய்வதற்கு முன்பே பதவி விலக வேண்டும், வென்ற பிறகல்ல. நகராட்சி ஊழியர்களும் ஒப்பந்ததாரர்களும் அவர் கையில் இருக்கும்போதே அவர் ஓட்டுக் கேட்டு வருவது எதிர்த்து நிற்பவருக்குச் செய்யும் அநீதி. தோற்றால் பழைய நாற்காலி இருக்கவே இருக்கிறது என்ற வசதி வாக்காளருக்குச் செய்யும் அவமரியாதை. மேயராகவும் எம்.எல்.ஏ.வாகவும் ஒருவரே இருக்கக் கூடாது என்று 2002-இல் ஜெயலலிதா அரசு சட்டத்தைத் திருத்தியது. நீதிமன்றம் வரை போன அந்த விவகாரத்தில் ஸ்டாலின் மேயர் பதவியை இழந்தார். குறி ஒரே ஒருவர் மீது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கொள்கை தவறல்ல. நாடாளுமன்ற உறுப்பினர்கள் மேயராக நீடிப்பது நெடுநாள் வழக்கமாயிருந்த பிரான்சிலேயே, 2014-இல் சட்டம் இயற்றி 2017 முதல் அதை நிறுத்திவிட்டார்கள்.

தலைவர் விலகினால் ஊர் வேலை நின்றுவிடும் என்ற வாதம் நிற்காது. 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் விலகினார்கள். அடுத்த மாதமே கவுன்சிலர்கள் கூடிப் புதிய மேயர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் ஊராட்சிகளைத் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்தவர்களா இதைச் சொல்வது?

ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சி வேட்பாளர் சிலமலை மந்தைக்கு வந்தாலும், சாலை, குடிநீரோடு சேர்த்து இதையும் கேட்க வேண்டும்: உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனால், அது உங்கள் கட்சியின் ஆட்சியாகவே இருந்தாலும், சட்டமன்றத்தில் எழுந்து எதிர்த்துப் பேசுவீர்களா? அந்த வேட்பாளர் முன்னாள் சேர்மனாகவோ பிரசிடெண்டாகவோ இருந்தால், அவரிடம் இரண்டு முறை கேட்கலாம்.