ஆடுவதற்குத்தானே செய்தார்கள்!

பின்பால் மெஷின் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் ஒரே பேச்சுதான். எது விலை ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது, எதை இன்று வாங்கிப் போட்டால் இரண்டு வருஷத்தில் நல்ல விலைக்குத் தள்ளலாம். கேட்டுக் கேட்டு அலுத்துப் போய்விட்டது. எந்த மெஷினில் எந்த ஷாட் கைக்கு அகப்பட மாட்டேன் என்கிறது, எதில் பந்து நடுவில் விழுந்து உயிரை வாங்குகிறது என்றெல்லாம் மணிக்கணக்காகப் பேசிய கூட்டம் இது. இப்போது ஆட்டத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் மற்றவர்கள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் பலரும் பின்பாலைக் கம்ப்யூட்டர் திரையில்தான் பார்த்திருப்பார்கள். நிஜ மெஷின் ஆளுயரம் இருக்கும். நூறு கிலோவுக்கு மேல் எடை. கண்ணாடிக்கு அடியில் சாய்ந்த பலகை, அதில் ஓடும் 80 கிராம் எஃகுப் பந்து, பெட்டியின் இரு பக்கமும் பொத்தான்கள், அவற்றை அழுத்தினால் பந்தை அடிக்கும் இரண்டு ஃப்ளிப்பர்கள். அடிக்கத் தவறினால் பந்து கீழே போய்விடும். இந்த ஃப்ளிப்பரே 1947-ல், சிகாகோவின் காட்லீப் கம்பெனி செய்த ‘ஹம்ப்டி டம்ப்டி’யில்தான் முதலில் வந்தது. அதற்கு முன் பந்தை விட்டுவிட்டு, மெஷினை லேசாக ஆட்டிக்கொண்டு, அதிர்ஷ்டத்தை நம்பி நிற்க வேண்டியதுதான். அதனால்தான் சூதாட்டம் என்று பெயர் வாங்கியது. 1942-ல் நியூயார்க்கில் மேயர் லகார்டியா தடை போட்டு, மெஷின்களைச் சம்மட்டியால் உடைக்க வைத்தார். இவற்றைச் செய்து உலகுக்கெல்லாம் அனுப்பிய சிகாகோவிலேயே பல ஆண்டுகள் ஆடத் தடை இருந்தது.

நியூயார்க்கில் தடை நீங்கியது 1976-ல். ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகர மன்றத்தார் முன்னால் நின்று ஆடிக் காட்டினார். பந்தை ஏவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இது மேலே நடுப்பாதை வழியாகத்தான் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இழுத்து விட்டார். பந்து அப்படியே இறங்கியது. இது கைத்திறன், சூதாட்டம் இல்லை என்று சபை ஒப்புக்கொண்டது. ஒருவர் ஆடி, நாலு பேர் பார்த்ததால் பிழைத்த விளையாட்டு இது. அதைத்தான் இன்றைக்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுகிறார்கள்.

எண்பதுகளின் கடைசியில் மேற்படிப்புக்காக இல்லினாய் வந்தவன் நான். மாணவர் மன்றத்தின் அடித்தளத்தில் ஒரு விளையாட்டுக் கூடம் இருந்தது. துணி துவைக்கும் மெஷினுக்கென்று எடுத்து வைத்த குவார்ட்டர் காசுகளெல்லாம் அங்கேதான் போகும். ஸ்டீவ் ரிச்சி வடிவமைத்து 1986-ல் வில்லியம்ஸ் வெளியிட்ட ‘ஹை ஸ்பீட்’ அங்கே ஒரு மூலையில் நின்றது. சிவப்பு விளக்கைத் தாண்டி ஓட்டிவிட்டால் போலீஸ் துரத்தும். தலைக்கு மேல் சிவப்புச் சுழல்விளக்கு சுற்றும். அடுத்த ஆட்டம் தனக்கு வேண்டும் என்பவர் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு குவார்ட்டரை வைத்துவிட்டு நிற்பார். அதுதான் வரிசை. யார் எந்த நாடு, என்ன நிறம் என்ற கேள்வியே கிடையாது. என் ஆங்கிலம் அவர்களுக்குப் புரியாத காலத்திலேயே, பந்தை ஃப்ளிப்பரில் ஏந்தி நிறுத்தி, அப்புறம் குறி பார்த்து அடிப்பது எப்படி என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். எந்த அளவுக்கு இடுப்பால் தள்ளலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் அங்கே கற்றதுதான். உள்ளே ஒரு வளையத்தின் நடுவே ஊசல்குண்டு தொங்கும்; தள்ளிய வேகத்தில் அது வளையத்தைத் தொட்டுவிட்டால் ‘டில்ட்’. ஃப்ளிப்பர் செத்துவிடும், அந்தப் பந்து போச்சு. நல்ல ஸ்கோர் அடித்து இலவச ஆட்டம் கிடைத்தாலோ பெட்டிக்குள் கட்டையில் ஓங்கி அறைந்தமாதிரி ‘டொக்’ என்று ஒரு சத்தம். கூடமே திரும்பிப் பார்க்கும். அது ஸ்பீக்கரில் வரும் சத்தம் இல்லை, நிஜமாகவே ஓர் இரும்புத் தண்டு அடிக்கும் அடி. இப்போது வருகிற பல மெஷின்களில் அதை எடுத்துவிட்டு ஸ்பீக்கரில் ஒப்பேற்றுகிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

சேகரிக்க ஆரம்பித்தது வேலைக்குப் போன பிறகு. தொண்ணூறுகளில் தொழில் சரிந்துகொண்டே வந்தது. 1996-ல் காட்லீப் மூடியது, 1999-ல் வில்லியம்ஸ் பின்பாலையே கைவிட்டது. கடை கடையாக மெஷின் வைத்துக் காசு எடுத்த ஆபரேட்டர்கள், இடத்தை அடைக்கிறதே என்று கிடங்கைக் காலி செய்தார்கள். அறுபது எழுபதுகளின் பழைய மெஷின்கள் சில நூறு டாலருக்குக் கிடைத்தன. தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றவர்களும் உண்டு. அவற்றில் சிப் கிடையாது. ரிலே, மோட்டார், மைல்கணக்கில் ஒயர். ஸ்கோர் ஏறுவது எண் பொறித்த சக்கரங்கள் சுற்றி. ஒலி எழுவது உலோகத் தகடுகளைத் தண்டு தட்டி. ஒரு வயதான மெக்கானிக்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். வேலை செய்யாத ரிலேயின் இரண்டு தொடுமுனைகளுக்கு நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, விரலால் லேசாக அழுத்தியபடி இழுப்பார். கார்டில் கறுப்புக் கோடு விழும். மறுபடி இழுப்பார், கோடு மங்கும். மூன்றாம் முறை சுத்தமாக வரும். “இப்போது ஆடு” என்பார். அவருக்குக் கூலி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆடும் ஓர் ஆட்டம். எவ்வளவுக்கு வாங்கினாய் என்று அந்த மனிதர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்படியிருந்த இடம் இன்றைக்கு என்ன ஆகியிருக்கிறது? 1997-ல் சுமாராக 4,000 மட்டுமே செய்யப்பட்ட ‘மெடீவல் மேட்னஸ்’ இப்போது பத்தாயிரம் டாலரைத் தாண்டி நிற்கிறது. புது மெஷினில் ‘லிமிடெட் எடிஷன்’ என்று ஒரு தகடு ஒட்டியிருந்தால் 13,000 டாலர் பக்கம். ஆட்டம் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாத நிலையிலேயே முன்பணம் கட்டி முடித்துவிடுகிறார்கள்.

தெரிந்த தம்பி ஒருவர், நல்ல வேலை, நல்ல வீடு, “மெஷின் வந்திருக்கு, வந்து பாருங்கண்ணா” என்று கூப்பிட்டார். ஆசையாகப் போனேன். பேஸ்மென்ட்டில் அட்டைப்பெட்டி நின்றுகொண்டிருந்தது. கட்டிய பட்டைகூட அறுக்கப்படவில்லை.

“எப்ப பிரிக்கப் போறே?” என்றேன்.

“பிரிக்கிறதா? பிரிச்சா விலை போயிடும்ணா. இப்படியே வச்சிருந்து கொடுத்தாத்தான் லாபம்.”

அவருடைய எட்டு வயதுப் பெண் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த படத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். மிருதங்கத்தை வாங்கி உறையை அவிழ்க்காமலே வைத்திருக்கிற வீட்டில் பிள்ளைக்குத் தாளம் எங்கிருந்து வரும்? சொல்லிப் பார்த்தேன். தம்பி சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது, இன்னும் தணியவில்லை.

தொண்ணூறுகளின் அந்தச் சரிவில் பின்பால் செய்யும் ஸ்டெர்ன் கம்பெனி தாக்குப்பிடித்து நின்றிராவிட்டால் இந்த விளையாட்டே போயிருக்கும். அந்த நன்றி எனக்கு உண்டு. லாஸ் வேகஸில் ‘பின்பால் ஹால் ஆஃப் ஃபேம்’ இருக்கிறது. அருங்காட்சியகம்தான், ஆனால் காசு போட்டு எதையும் ஆடலாம். ஊருக்கு ஊர் பின்பால் வைத்த மதுக்கூடங்களும் முளைத்திருக்கின்றன. சந்தோஷம். ஆனால் அவற்றில் பலவற்றுக்குள் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் போக முடியாது. பீட்சா கடையிலும் துணி துவைக்கும் இடத்திலும் பஸ் நிலையத்திலும் நின்ற மெஷின் இப்போது பிள்ளைகள் கண்ணிலேயே படுவதில்லை. சில இடங்களில் காசுக்குப் பதில் அட்டையைத் தேய்க்கச் சொல்கிறார்கள். கண்ணாடி ஓரத்தில் எதை வைத்து வரிசை பிடிப்பது?

போன வருஷம் இடம் போதவில்லை என்று என் பழைய மெஷின் ஒன்றைக் கொடுத்தேன். வீட்டில் மூன்று பிள்ளைகள், ஆடுவார்கள் என்று வாங்க வந்தவர் சொன்னார். அதற்காகவே விலையைக் குறைத்தேன், புது ரப்பர் வளையங்கள் மாட்டி, பலகைக்கு மெழுகு தேய்த்துக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அதை மூன்று மடங்கு விலைக்கு விளம்பரம் செய்திருந்தார். படத்தில் நான் மாட்டிய ரப்பரில் துளி அழுக்கு இல்லை. ஒரு பந்துகூட உருளவில்லை.

ஆகவே நண்பர்களே, என் மெஷின்களுக்கு இன்றைக்கு என்ன விலை போகும் என்று இனி யாரும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். ஃப்ளிப்பர் சோர்ந்து போய்விட்டது, பந்து மேலே ஏறவில்லை என்றால் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறேன்.