செடி நட்டாச்சு. தண்ணி யாரு ஊத்துவா? (கொஞ்சம் நீளமான இழை)

ஜூன் 5 வந்தா போதும். நாலுவழிச் சாலை ஓரம், டோல்கேட் பக்கம், புதுசா கட்டின துணை மின்நிலைய வாசல்னு எங்க பார்த்தாலும் குழி, மரக்கன்று, பேனர், போட்டோ. அடுத்த ஏப்ரல்ல அதே இடத்துக்குப் போய்ப் பாருங்க. கூண்டு நிக்கும், உள்ள ஒரு காஞ்ச குச்சி இருக்கும். சில இடத்துல கூண்டும் இருக்காது. பழைய இரும்புக்குப் போட்டிருப்பாங்க.

மருத்துவரா எனக்கு இது எப்படித் தெரியுதுன்னா, பிரசவம் பார்த்துட்டுக் குழந்தையை வராந்தாவுல விட்டுட்டுப் போற மாதிரி.

முதல்ல அந்தத் தேதியே தப்பு. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு முக்கியமான மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைதான். ஜூன் 5 அன்னைக்குக் கத்திரி வெயில் முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். கன்னியாகுமரி, நீலகிரி, மலை அடிவாரம்னா சரி, தென்மேற்கு மழை காப்பாத்தும். திருச்சியிலயும் ராமநாதபுரத்துலயும் அன்னைக்கு நட்டா, அடுத்த நாலு மாசம் அந்தச் செடி யாரை நம்பி இருக்கும்?

நட்ட புதுசுல செடிக்கு உள்ள வேர் எல்லாமே பாலித்தீன் பைக்குள்ள இருந்த அந்த உருண்டை மண்ணுக்குள்ளதான். சுத்தி இருக்கிற மண் ஈரமா இருந்தாலும் உருண்டை காஞ்சா செடி காலி. முதல் சில வாரம் அடிக்கடி தண்ணி வேணும். அப்புறம் அடிக்கடி தேவையில்லை, ஆனா ஊத்தும்போது ஆழமா இறங்கணும். தினமும் ரெண்டு சொம்பு தெளிச்சா வேர் மேலேயே தங்கிடும், பின்னாடி காத்தடிச்சாலும் சாயும். குறைஞ்சது ரெண்டு கோடை தாண்டணும். ஒப்பந்தத்துல அந்த ரெண்டு கோடைக்கும் லாரித் தண்ணிக்கும் ஆள் கூலிக்கும் தனியா பணம் இல்லைன்னா, அது மரம் நடுற திட்டமே இல்ல. குழி தோண்டுற திட்டம்.

சாகறது தண்ணி இல்லாம மட்டும் இல்ல. பையைக் கிழிக்காமலே நட்டிருப்பாங்க, வேர் உள்ளேயே சுருண்டுக்கும். முட்டுக்குச்சியோட கட்டின நைலான் கயிறை யாரும் அவிழ்க்க மாட்டாங்க. தண்டு பெருக்கும், கயிறு பெருக்காது. இலை தயாரிக்கிற உணவு பட்டையோட உள்பக்கம் வழியாத்தான் வேருக்கு இறங்குது, கயிறு அதை நெரிச்சுடும். கைக்கு இறுக்கி மாவுக்கட்டுப் போட்டுட்டு ரெண்டு வருஷம் திரும்பிப் பார்க்காம விட்டா என்ன ஆகும்? அதேதான். களைக்கொல்லி அடிக்கிற ஆள் புல்லுன்னு நினைச்சுக் கன்றுக்கும் சேர்த்து அடிச்சிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லித் தரல.

ஒரு மரத்தை வெட்டினா பத்து கன்று நடுறோம்ங்கிற கணக்கு இருக்கே, எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். ரெண்டு தலைமுறை நிழல் கொடுத்த புளியமரத்துக்கு முழங்கால் உயரக் கன்று பத்து எப்படி ஈடாகும்? அந்தப் பத்தும் பிழைச்சா இருபது வருஷம் கழிச்சுப் பேசலாம். இதுக்கெல்லாம் காசு இல்லன்னும் சொல்ல முடியாது. 2015-ல் வந்த மத்திய அரசின் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் 1% இதுக்கு ஒதுக்கச் சொல்லுது.

பராமரிக்க மனசில்லாததாலதான் கோனோகார்பஸ் மாதிரி மரங்கள் ஊரெல்லாம் வந்துச்சு. சீக்கிரம் வளரும், எப்பவும் பச்சையா இருக்கும், ஆடு கடிக்காது. போட்டோவுக்கு நல்லா இருக்கும். மகரந்த ஒவ்வாமைப் புகார் எல்லாம் வந்த பிறகு 2025-ல் தமிழக அரசே தடை போட்டுச்சு. புங்கனும் இலுப்பையும் நாவலும் நாற்றங்காலில் கிடைக்காத பொருளா என்ன?

வேலி விஷயம் இன்னும் மோசம். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டைச் சுத்தி இருக்கிற கிளுவை வேலியைப் பார்த்திருப்பீங்க. மழைக்கு முன்னாடி போத்து வெட்டி ஊனினா துளிர்க்கும், வறட்சி தாங்கும், முள்ளு இருக்கும். அதுமேல பிரண்டையும் கோவையும் ஏறும், ஓணானும் கீரியும் குருவியும் குடியிருக்கும். அந்த ஊர்லயே சோலார் பார்க் வந்தா முதல் வேலையா இதைப் பிடுங்கிட்டுக் கம்பி வேலி. "உயிர்வேலிக்குப் பராமரிப்பு அதிகம் டாக்டர்"னு ஒரு பொறியாளர் என்கிட்டயே சொன்னார். என்ன பராமரிப்பு? வருஷம் ஒரு தடவை கவாத்து, மழைக்கு முன்னாடி இடைவெளி விழுந்த இடத்துல புதுப் போத்து. விவசாயி பல தலைமுறையா தன் கையால செஞ்ச வேலை இது. மின்கம்பிக்கு அடியில உயரமான மரம் கூடாதுன்னு அவர் சொன்னது நியாயம்தான். கிளுவை அந்த உயரத்துக்குப் போறதே இல்லையே.

"டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு கமென்ட் வரும், தெரியும். வெயில் அலையை 2024-ல் மாநிலப் பேரிடரா அறிவிச்சது தமிழக அரசு. வெப்பத் தாக்கத்துக்கு நாங்க சலைன் ஏத்தலாம், உடம்பைக் குளிர்விக்கலாம். பஸ் ஸ்டாப்ல நிழல் கொடுக்க எங்களால முடியாது. ரோடு போடுறவர், கூடையில பூ விக்கிற அம்மா, மாசமா இருக்கிற பொண்ணு எல்லாரும் நிக்கிறது அந்த வெட்டின புளியமரம் இருந்த இடத்துலதான்.

இதே மாநிலத்துல ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் இருக்கு. கிராம செவிலியர் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறாங்க. பிரசவத்துல ஒரு தாய் இறந்தா, மாவட்ட ஆட்சியர் முன்னாடி உட்கார்ந்து ஏன் இறந்தாங்கன்னு பதில் சொல்லணும். அந்தக் கேள்வி பயத்துலயே பல உயிர் பிழைச்சிருக்கு. ஆக, நட்டதைப் பின்தொடரத் தெரியாத அரசு இல்ல இது. வெட்டப்போற மரத்துக்கெல்லாம் பெயின்ட்ல நம்பர் போடத் தெரியுது. நட்ட மரத்துக்கு நம்பர் போட்டு, செத்தா ஏன் செத்துச்சுன்னு எழுதி வாங்குங்க. பிழைச்சதுக்கு மட்டும் பில் பாஸ் பண்ணுங்க, அதுவும் மூணாவது வருஷம்.

உங்களுக்கு ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி உங்க ஊர் சாலைக்கோ மின்நிலையத்துக்கோ ஒரு மனு போடுங்க. எத்தனை நட்டீங்கன்னு கேட்காதீங்க, அதுக்கு அழகா பதில் வரும். இப்படிக் கேளுங்க: மூணு வருஷம் முன்னாடி நட்டதுல இன்னைக்கு உயிரோட இருக்கிறது எத்தனை, கடைசியா தண்ணி ஊத்தின தேதி என்ன, அதுக்குக் கொடுத்த பில் நகல் எங்கே. பதில் வந்தா இங்கேயே கீழே போடுங்க.