அலர்ட் வந்துச்சுல்ல, நீ ஏன் பாக்கலை?

டிஸ்கி: இதில் உள்ளதெல்லாம் என் சொந்தக் கருத்து. நான் வேலை பார்க்கிற வங்கியோட கருத்து இல்லை. "பி.காம். படிச்ச பேங்க்காரனுக்கு சர்வரைப் பத்தி என்னய்யா தெரியும்"னு பொட்டி தட்டுற மக்கள் கேக்கலாம். தாராளமா கேளுங்க. கடைசி வரைக்கும் படிச்சுட்டுக் கேளுங்க.

நவி மும்பைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. கிளையில கடன், கவுன்டர்னு இருந்தவனைக் கூட்டிட்டு வந்து பேலாப்பூர்ல ஐ.டி. டிபார்ட்மென்ட்ல உக்கார வெச்சாங்க. நான் சர்வரைத் தொடுறதில்லை. தொடுறவங்களோட பில்லுலயும் ரிப்போர்ட்டுலயும் கையெழுத்துப் போடுறது என் வேலை. அப்படிப் போட்ட ஒரு கையெழுத்தைப் பத்திதான் இந்தப் பதிவு.

எங்க டேட்டா சென்டர்ல ராத்திரி ஷிப்ட் பாக்க ஒரு பையன் இருந்தான். அருப்புக்கோட்டைப் பக்கம். 24 வயசு. வெண்டர் மூலமா கான்ட்ராக்ட்ல வந்தவன். தம்பின்னே சொல்றேன், பேர் வேண்டாம். ரெண்டு பொங்கலுக்கு எங்க வீட்லதான் சாப்பாடு. தங்கமணி வெக்கிற வத்தக்குழம்புக்கு அவன் அடிமை.

போன வருஷம் ஒரு மாசத்தோட கடைசி வேலை நாள். பென்ஷன் வரவு வெக்கிற நாள். காலையில கிளை திறந்ததும் பெரியவங்க பாஸ்புக்கைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில நிக்கிறாங்க. பணம் ஏறலை. பென்ஷன் ஃபைலைக் கையாளுற சர்வர் விடிகாலை 2.40-க்கே உறைஞ்சு போயிருக்கு. சாயங்காலம் மூணரைக்குத்தான் எல்லாருக்கும் வரவு ஆச்சு. மருந்து வாங்கக் காத்திருந்தவங்க எத்தனை பேரோ.

என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன். விர்ச்சுவல் மெஷின்னா வேற ஒண்ணும் இல்லை, ஒண்டுக்குடித்தனம். ஒரே பெரிய சர்வருக்குள்ள பத்து இருபது சர்வருங்க குடியிருக்கும். ஒவ்வொண்ணும் தனி வீடுன்னு நெனச்சுக்கும். ஆனா தண்ணித் தொட்டி பொது. டிஸ்க் விஷயத்துல அந்தத் தொட்டிக்குப் பேர் டேட்டாஸ்டோர். ஒரு சனிக்கிழமை பேட்ச் போடுறதுக்கு முன்னாடி, ஏதாவது ஆனா பழையபடி திரும்பலாம்னு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருக்காங்க. நல்ல பழக்கம்தான். வேலை முடிஞ்சதும் அதை நீக்கணும். இல்லேன்னா அன்னிலேர்ந்து எழுதுறதெல்லாம் தனி ஃபைல்ல சேர்ந்து வீங்கிக்கிட்டே போகும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல வெக்காதேன்னு விஎம்வேர் கம்பெனியே சொல்லுது. எங்காளுங்க பன்னிரண்டு நாள் வெச்சிருந்தாங்க. மாசக் கடைசி பேட்ச் வேலை ராத்திரி ஓடினப்போ தொட்டி ரொம்பிடுச்சு. குடித்தனக்காரங்க அத்தனை பேரும் நின்னுட்டாங்க.

விசாரணை வெச்சோம். "1.10 மணிக்கே அலர்ட் மெயில் போயிருக்கிறது. பணியில் இருந்தவர் கவனிக்கவில்லை." ரெண்டே வரி. கீழே நாலு கையெழுத்து. அதுல ஒண்ணு என்னுது. அடுத்த வாரமே வெண்டர் அந்தப் பையனை வேலையை விட்டு எடுத்துட்டாங்க.

வீட்ல சொன்னேன். தங்கமணி கேட்டா: "மெயில் வந்ததை அவன் பாக்கலையா?"

"பாக்கலை."

"அன்னிக்கு மொத்தம் எத்தனை மெயில் வந்துச்சு?"

எனக்குத் தெரியலை. நாலு அதிகாரிங்க, ரெண்டு மணி நேர மீட்டிங், ஒருத்தருக்கும் கேக்கத் தோணாத கேள்வி. மறுநாள் போய் எண்ணச் சொன்னேன். ராத்திரி 10-லேர்ந்து காலை 6 வரைக்கும் 1,312 அலர்ட் மெயில். நிமிஷத்துக்கு ரெண்டரைக்கு மேல. ஒரு ஆளு, தனியா.

இன்னும் கேளுங்க. விஎம்வேர்ல டேட்டாஸ்டோர் 75 சதவீதம் ரொம்பினா மஞ்சள், 85 ஆனா சிவப்பு. கம்பெனி போட்டு அனுப்புற கணக்கு இது. எங்க தொட்டியில இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வெச்சதால முதல் நாளே 88. அதாவது பொறந்ததுலேர்ந்தே சிவப்பு. ஏழு மாசமா மணிக்கு ஒரு தடவை அதே மெயில், அதே தலைப்பு. தம்பி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சீனியர்கிட்ட கேட்டிருக்கான். "அது எப்பவும் அப்படித்தான், க்ளோஸ் பண்ணிடு"ன்னு பதில். அன்னிக்கு ராத்திரி 1.10-க்கு வந்ததும் அதே மெயில்தான். உள்ள ஒரு மூலையில மட்டும் 88-ங்கிறது 97-னு மாறியிருந்துச்சு. அதை அவன் பாக்கலைன்னுதான் நாங்க தீர்ப்பு எழுதினோம். புலி வருது புலி வருதுன்னு ஏழு மாசம் கத்தினது எங்க மெஷின். புலி வந்ததும் அடி வாங்கினது காவலுக்கு நின்ன பையன்.

இந்த நோய்க்கு ஒரு பேர் உண்டு. "எதுக்கும் இருக்கட்டும்." எந்த அலர்ட்டையும் எடுக்காதே, எதுக்கும் இருக்கட்டும். நாளைக்கு ஆடிட்டர் கேப்பார், எதுக்கும் இருக்கட்டும். இது எச்சரிக்கை இல்லை சாமி, மேல இருக்கிறவங்க தப்பிக்கிறதுக்கு எடுத்து வெச்ச முன்ஜாமீன். மெயில் போயிடுச்சுன்னா பொறுப்பு கை மாறிடுச்சு. வெண்டருக்கும் இதுல நஷ்டம் இல்லை. இந்த மாசம் இத்தனை ஆயிரம் அலர்ட்டைக் கையாண்டோம்னு ரிப்போர்ட்டுல போட்டுப் பில் அனுப்பலாம்.

வங்கிக்காரங்களுக்கு இது புதுசும் இல்லை. கிளையில இருந்தப்போ தினமும் காலையில எக்ஸெப்ஷன் ரிப்போர்ட் வரும். கட்டுக் கட்டா பேப்பர். நாங்க என்ன பண்ணுவோம்? கடைசிப் பக்கத்துல கையெழுத்து போட்டு மடிச்சு வெப்போம். எல்லாமே விதிவிலக்குன்னா எதுவுமே விதிவிலக்கு இல்லைன்னு பி.காம். முதல் வருஷப் பையனுக்கே தெரியும். மெட்டீரியாலிட்டின்னு ஒரு பாடமே இருக்கு.

உலகம் இதுக்கு விலை கொடுத்துக் கத்துக்கிட்ட விஷயம் இது. 1994 ஜூலை 24, வேல்ஸ்ல மில்ஃபோர்டு ஹேவன்ல இருக்கிற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. வெடிக்கிறதுக்கு முந்தின 11 நிமிஷத்துல, ரெண்டு ஆபரேட்டருங்க முன்னாடி அடிச்ச அலாரம் 275. உயிர் போகலை, 26 பேருக்குக் காயம். அலாரம் மலிஞ்சு போனதும், எது முக்கியம்னு தரம் பிரிக்காததும் ஒரு காரணம்னு விசாரணை அறிக்கை சொல்லிச்சு. 1999-ல ஈஇஎம்யூஏ 191-னு ஒரு வழிகாட்டி வந்துச்சு. சாதாரண நேரத்துல ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு அலாரம், அதுக்கு மேல வேண்டாம்கிறது அதோட கணக்கு. எட்டு மணி நேரத்துக்கு 48. தம்பிக்கு வந்தது 1,312.

இன்னொண்ணு நமக்கு இன்னும் பக்கம். 2013 நவம்பர் கடைசியில அமெரிக்காவுல டார்கெட் கடைங்க மேல நடந்த கார்டு திருட்டு. 4 கோடி கார்டு விவரம் போச்சு. பாதுகாப்பு மென்பொருள் கண்டுபிடிச்சுச்சு. அதைப் பெங்களூர்ல இருந்த குழு பாத்து மின்னியாபொலிஸ் தலைமையகத்துக்குச் சொல்லவும் சொல்லிச்சுன்னு மறு வருஷம் பத்திரிகைகள்ல வந்துச்சு. அங்க யாரும் நேரத்துக்கு அசையலை. ஆக, மணி அடிக்கிறது பிரச்சினை இல்லை. எந்த மணிக்கு எழுந்திரிக்கணும்னு தெரியாம வெச்சிருக்கிறதுதான் பிரச்சினை.

"சரி, அலர்ட்டைக் குறைச்சு, உண்மையான ஒண்ணு தப்பிப் போச்சுன்னா?" இது நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் சொல்லாம நகர முடியாது. ட்யூன் பண்றதுன்னா வாயை அடைக்கிறது இல்லை. வீட்ல குக்கர் வெக்கிறோம். முதல் விசிலுக்கே யாராவது அடுப்பை அணைக்கிறாங்களா? சாதத்துக்கு மூணு, பருப்புக்கு அஞ்சு. பொருளுக்கு ஏத்த கணக்கு. சிபியு ஒரு நிமிஷம் 95 தொட்டா அது முதல் விசில். பேக்கப் ஓடுற நேரத்துல எந்த சர்வரும் தொடும். பதினஞ்சு நிமிஷம் இறங்காம நின்னா அப்போ கூப்பிடு.

அதைவிட, எதை அளக்கிறோம்னு பாக்கணும். கவுன்டர்ல கேஷியர் 90 சதவீத நேரம் வேலை செஞ்சுக்கிட்டே இருந்தா பிரச்சினையா? சம்பளத்துக்கு வேலை செய்யறார், சந்தோஷம். டோக்கன் வாங்கிட்டு எத்தனை பேர் காத்திருக்காங்கங்கிறதுதான் கேள்வி. விர்ச்சுவல் மெஷின்ல அதுக்கு சிபியு ரெடின்னு பேர். வேலை கையில இருந்தும் பிராசஸர் கிடைக்காம நின்ன நேரம். விஎம்வேரோட உடனடி சார்ட்ல 20 செகண்டுக்கு ஒரு கணக்கு. அதுல 1,000 மில்லிசெகண்ட் நின்னா 5 சதவீதம். ஒரு விர்ச்சுவல் சிபியு அஞ்சைத் தாண்டி நின்னுக்கிட்டே இருந்தா விசாரிக்கணும். எங்க 1,312-ல இதைப் பத்தின மெயில் ஒண்ணுகூட கிடையாது!

மெமரியும் அப்படித்தான். டேட்டாபேஸ் சர்வர் குடுத்த மெமரியை முழுசா எடுத்து வெச்சுக்கும். சிசி லிமிட்டை முழுசா எடுத்த வியாபாரி மாதிரி. அதுக்காக அவர் கணக்கை வாராக்கடன்னு சொல்லுவோமா? பலூனிங், ஸ்வாப்பிங்னு கைமாத்து வாங்க ஆரம்பிச்சா அப்போதான் கவலைப்படணும்.

நான் கேக்கிறது ரொம்ப சாதாரணம். ஒவ்வொரு அலர்ட்டுக்கும் மூணு கேள்வி. இது வந்தா யார் எழுந்திரிக்கணும்? எழுந்து என்ன செய்யணும்? காலை வரைக்கும் பொறுக்குமா? முதல் ரெண்டுக்குப் பதில் இல்லேன்னா அது அலர்ட்டே இல்லை, எடுத்துடு. காலை வரைக்கும் பொறுக்கும்னா தினசரி ரிப்போர்ட்டுல போடு. டேட்டாஸ்டோருக்குச் சதவீதத்தோட, இந்த வேகத்துல போனா எத்தனை மணி நேரத்துல ரொம்பும்னு கேளு. மூணு நாள் தாண்டின ஸ்னாப்ஷாட்டுக்கு ஒரு அலர்ட் வை. ஒரு ஹோஸ்ட் விழுந்தா அதுல இருக்கிற நாப்பது மெஷினுக்கும் நாப்பது மெயில் அனுப்பாதே, ஒண்ணு போதும். பேட்ச் போடுற நேரத்துல அலர்ட்டை நிறுத்தினா, திரும்ப எப்போ தொடங்கணும்னும் சேத்து எழுது. மாசம் ஒரு தடவை உக்காந்து, செயல் எதுவும் இல்லாம மூடின அலர்ட்டுங்களை எண்ணு. ஆடிட்டர் கேட்டா இந்த முடிவுகளை எழுதி வெச்ச நோட்டைக் காட்டு. கேள்வி கேட்டு எடுத்த முடிவை எந்த ஆடிட்டரும் குத்தம் சொல்லமாட்டார்.

ராத்திரின்னா அமைதின்னு நெனச்சுப் போட்ட கணக்கெல்லாம் காலாவதி. 2019 டிசம்பர்லேர்ந்து நெஃப்ட், 2020 டிசம்பர்லேர்ந்து ஆர்டிஜிஎஸ், ரெண்டும் 24 மணி நேரமும் ஓடுது. யுபிஐ தூங்குறதே இல்லை. காவலுக்கு நிக்கிற பையன் மட்டும் ஒரே ஆளு.

இப்போ சொல்ல வெக்கமா இருக்கிறதைச் சொல்லிடுறேன். மேலே எழுதின யோசனையில பாதி என்னுது இல்லை. தம்பியோடது. சம்பவத்துக்கு மூணு மாசம் முன்னாடி ஒரு எக்செல் ஷீட் போட்டு, எந்த அலர்ட்டை எடுக்கலாம், எதை மாத்தலாம்னு வரிசையா எழுதி எனக்கு அனுப்பியிருந்தான். அந்த டேட்டாஸ்டோர் நாலாவது வரியில இருந்துச்சு. "ஆடிட் முடியட்டும் தம்பி, பாக்கலாம்"னு சொல்லிட்டு நான் மறந்துட்டேன். எனக்கு வந்த ஒரே ஒரு உண்மையான அலர்ட் அதுதான். அதை நான்தான் பாக்கலை.

விசாரணை அறிக்கையில என் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கிறேன்னு, 1,312 கணக்கையும் அந்த ஷீட்டையும் இணைச்சு நோட் கொடுத்திருக்கேன். மேலே போயிருக்கு, பதில் வரலை. ஷீட்டுல இருந்ததை ஒவ்வொண்ணா அமல்படுத்திக்கிட்டு வர்றோம். தம்பிக்கு ஹைதராபாத்ல வேற வேலை கிடைச்சிருக்கு. அதுவும் ராத்திரி ஷிப்ட்தான். போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். "பரவால்ல சார், அக்கா நல்லா இருக்காங்களா"ன்னு கேட்டான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் வீட்ல ஒரு பிள்ளையோ தம்பியோ புனேயிலயோ பெங்களூர்லயோ இப்படி ராத்திரி கண்ணு முழிச்சுக்கிட்டு இருப்பான். "ஒண்ணும் இல்லம்மா, சும்மா மெயில் பாக்கிற வேலைதான்"னு சொல்லுவான். எத்தனை மெயில்னு கேளுங்க. எதுக்குமே ஆகாத அலர்ட்டைப் பட்டியல் போட்டு, மேலதிகாரிக்கு எழுத்துல அனுப்பி, ஒரு காப்பி வெச்சுக்கச் சொல்லுங்க.

என்னை மாதிரி கையெழுத்துப் போடுற நாற்காலியில இருக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. "நீ ஏன் பாக்கலை"ன்னு கேக்கிறதுக்கு முன்னாடி "எத்தனை அனுப்பினோம்"னு கேளுங்க. என் வீட்ல கேட்டாங்க. ஆபீஸ்ல யாரும் கேக்கலை.