தகுதிக்கும் ஒரு கரை வேண்டும்

2024 ஆகஸ்ட் 9, சிங்கப்பூரின் தேசிய நாள். அன்று பிரான்சின் மார்சேய் கடலில், அந்நாட்டின் 17 வயது மேக்ஸ் மேடர் கைட் ஃபாயிலிங் போட்டியில் ஒலிம்பிக் வெண்கலம் வென்றார். சிங்கப்பூரின் ஒலிம்பிக் பதக்கக்காரர்களில் அவரே மிக இளையவர். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் உலகச் சாம்பியன். பட்டம் இழுக்க, நீருக்கடியில் இருக்கும் இறக்கை தூக்க, பலகைமேல் நின்று பறப்பது எளிதல்ல. அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் அந்த உழைப்பு எந்த மண்ணில் விளைந்தது? இந்தோனேசியாவின் வாகாடோபி தீவுகளில் அவரது குடும்பம் சுற்றுலா விடுதி நடத்துகிறது. வாசலிலேயே கடல். பயிற்சிக்கு இடம் தரும் வீட்டுக் கல்வி. விலை கூடிய பட்டமும் பலகையும். நாடு நாடாகப் போட்டிக்குப் போகும் வசதி.

அதே வாகாடோபியில் பஜாவ் மக்களும் வாழ்கிறார்கள். கடலுக்குள் கால் நட்டு வீடு கட்டி, மூச்சடக்கி மூழ்கி மீன் பிடிக்கும் கடலோடிகள். அவர்களின் பிள்ளைகளுக்கு அலையையும் காற்றையும் யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடம் இல்லாதது திறமையா, வாய்ப்பா?

மேடரின் பதக்கம் மேடருடையது என்றே உலகம் கொண்டாடியது. சரிதான். அந்த நியாயம் இடஒதுக்கீட்டில் படித்து வரும் நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை? பிறப்பால் வந்த வாய்ப்பு தகுதி, சட்டத்தால் வந்த வாய்ப்பு சலுகையா?

தகுதி பேசுவோர் முதலில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கரையில் நிறுத்தட்டும். பிறகு பந்தயம் வைப்போம்.