தூரத்து நீலம் யாருடைய சொத்து?

கோபுரமும் தெருவும் சனங்களும் கொண்ட நிலக்காட்சியொன்றை எமது இளைய ஓவியர் ஒருவர் தீட்டி, பின்னணியில் நீலம் கலந்து மங்கலாக்கிவிட்டால் போதும். 'இது வெள்ளைக்காரன் பாணி, எமது மரபல்ல' என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. புகலிடத்தில் அடிக்கடி கேட்கும் இந்தத் தீர்ப்பை நாம் முற்றாக மறுக்கிறோம்.

தூரம் கூடக் கூட, கண்ணுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள காற்றும் கூடுகிறது. காற்று நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கிறது. ஆகவே தூரத்து மலையின் கருமை வெளிறி நீலமாகிறது, ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது, விளிம்புகள் கரைகின்றன. முன்னால் நிற்பவரின் சட்டை மடிப்புத் தெரியும். நாலு தெரு தள்ளி நிற்பவர் வெறும் நிறப்பொட்டு. லியனார்டோ டா வின்சி இதைத் தமது குறிப்பேடுகளில் எழுதிவைத்தார் என்பது உண்மைதான். அதனால் அது ஐரோப்பாவின் சொத்தாகிவிடுமா?

அவர் பிறந்தது 1452இல். சீன ஓவியர் குவோ ஷி 'இளவேனில் தொடக்கம்' என்ற பட்டோவியத்தை 1072இலேயே தீட்டிவிட்டார். மலைகளுக்கிடையே மூடுபனி, அதன் நடுவே கூரைகள், அடிவாரத்தில் சிறுசிறு மனிதர்கள். தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

அக்பரின் அரசவைக்கு 1580இல் இயேசு சபைத் துறவிகள் சித்திரங்கள் அச்சிட்ட விவிலியத்தைக் கொண்டுவந்தார்கள். தூரத்து நகரங்களை மங்கலாக்கும் முறையை இத்தகைய ஐரோப்பியச் சித்திரங்களிலிருந்து முகலாய ஓவியர்கள் கூச்சமின்றி எடுத்துக்கொண்டார்கள். அதனால் அவர்களது ஓவியம் முகலாய ஓவியம் இல்லையென்று எவரும் சொல்வதில்லை.

'திருவாரூர்ச் சுவரோவியங்களில் இது இல்லையே' என்பார்கள். இல்லைத்தான். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் முசுகுந்தன் கதையைத் தீட்டிய அவ்வோவியர்கள், காட்சிகளுக்குத் தமிழில் விளக்கமும் எழுதினார்கள். யார் எவர் என்று பார்ப்பவர் அறியவேண்டிய கதைக்கு, எல்லா உருவமும் ஒரே தெளிவோடிருப்பது பொருத்தம். அது அந்தக் கதைக்கான தெரிவு. பின்வந்தோருக்கான தடைச்சட்டம் அல்ல.

பனிமூட்ட நகரங்களில் வளரும் எமது பிள்ளைகள் நாள்தோறும் காண்பது, மங்கித் தெரியும் கட்டடங்களையும் அவற்றினிடையே நடக்கும் மனிதர்களையும்தான். கண்டதைத் தீட்டாதே என்று சொல்ல எமக்கு என்ன உரிமை? விமர்சிப்பதானால் படத்தை விமர்சியுங்கள். முன்னுள்ளதற்கும் பின்னுள்ளதற்கும் இடையில் காற்று இல்லை என்று சொல்லுங்கள். வர்ணம் சேறாகிவிட்டது என்று சொல்லுங்கள். தூரிகையிடம் கடவுச்சீட்டுக் கேட்பதை மட்டும் நிறுத்துங்கள்.